கடல் கடந்த கல்வியும் கைப்பொருட் கணக்கும்

கல்வியை நாடிக் கடல் கடந்து செல்லும் விருப்பம் இக்காலத்து நம் மாணாக்கர் பலருக்கும் உண்டு. முன்னாளில் அவ்விருப்பம் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது; இன்று உழைத்துண்ணும் குடும்பங்களிலும் அது தோன்றியிருப்பது மகிழத்தக்கதே. ஆயினும் விருப்பம் உண்டான இடத்தில் வழியறிவும் உண்டாதல் வேண்டும். ஆகவே குறைந்த பொருட்செலவில் அயல்நாட்டிற் கற்பதற்குள்ள வழிவகைகளை இம்மலரிற் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது மரக்காணத்து உப்பளத்தில் நாம் கேட்ட ஒரு கேள்வியாகும். சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும், கழுவெளி என்னும் பரந்த நீர்ப்பரப்பு கடலை அடுத்துக் கிடப்பதும் இப்பகுதியிலேதான். சங்க நூல்களிற் பேசப்படும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கோடை விடுமுறையில் நம்மிற் சிலர் அவ்வுப்பளங்களைக் காணச் சென்றிருந்தோம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நாம் கலாசாலை மாணாக்கர் என்றறிந்ததும் வரப்பின்மேல் அமர்ந்து கேட்டார்:

“தம்பி, என் மகள் பி.எஸ்ஸி. முடிக்கப் போகிறாள். ஜெர்மனியிலே சம்பளம் கட்டாமல் படிக்கலாம் என்கிறார்களே, மெய்தானா? வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தால் மற்றதையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகத் தரகர் ஒருவர் சொல்லுகிறார். கொடுக்கலாமா?”

நம்மில் ஒருவருக்கும் திருத்தமான விடை தெரியவில்லை. படித்தவர் என்று நம்பிக் கேட்டவர்முன் நாணி நின்றோம். திரும்பி வந்தபின் விசாரித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது, செலவு என்பது யாது என்று தெளிதல் வேண்டும். சுவிசேஷத்தில் கோபுரம் கட்ட எண்ணுவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமையை நாமெல்லாம் அறிவோம். அயல்நாட்டுக் கல்விக்கு அக்கணக்கு ஐந்து வகைப்படும். சர்வகலாசாலைக்குக் கட்டும் கல்விச் சம்பளம் ஒன்று. உணவு, உறையுள், மருத்துவக் காப்பீடு ஆகியவை இரண்டாவது. மொழித் தேர்வு, சான்றிதழ்கள், விசா, விமானப் பிரயாணம் முதலிய முன்செலவு மூன்றாவது. செலவுக்குப் பணம் உண்டு என்று அந்நாட்டாருக்குக் காட்டவேண்டிய தொகை நான்காவது. பிள்ளை சென்றபின் வீட்டிலிருப்போர் உண்பதற்கு வேண்டியது ஐந்தாவது. தரகர் பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே. குடும்பங்கள் இடறுவதோ மற்ற நான்கிலும் ஆம்.

ஐந்தாவது வகை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கணித மேதை இராமானுஜன் வரலாறே சான்று. 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராயிருந்தவர் அவர். 1913இல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அப்பொழுது அதே சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் வழங்க இசைந்தது. அதில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்தின் பாதுகாப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. டிரினிட்டிக் கல்லூரி மேலும் 60 பவுன் கொடுத்தது. எளிய வாழ்க்கையுடைய அவருக்கு இப்பொருள் போதியதாயிருந்தது. ஆனால் அவ்வாண்டிலேயே மூண்ட யுத்தத்தினால் மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று, குளிரும் தனிமையும் சேர்ந்தன, 1917இல் நோயுற்றார். பணக்கணக்குச் சரியாயிருந்தும் உடற்கணக்குத் தவறியதை நாம் இதனால் அறிகிறோம். உணவையும் தட்பவெப்பத்தையும் கணக்கிற் சேர்ப்பது அற்பமான காரியமன்று.

இனி, எந்நாட்டிற் சம்பளம் குறைவு என்பதைக் காண்போம். ஜெர்மனி தேசத்து அரசாங்கச் சர்வகலாசாலைகளிற் பெரும்பாலானவை அயல்நாட்டாரிடத்தும் கல்விச் சம்பளம் வாங்குவதில்லை என்பது மெய்யே. அரையாண்டுக்கொருமுறை மாணவர் சங்கம், போக்குவரத்து முதலியவற்றுக்குச் சிறு தொகை கட்டினாற் போதும். ஆயினும் இதற்கு விலக்குண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாகாணத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புறம்பானவர் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். முனிச்சுத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையும் 2024இல் புதிதாகச் சேர்வோர்க்குச் சம்பளம் விதித்தது. நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தோர் அங்கே நேராகப் பட்டப்படிப்பிற் சேர்வது பொதுவாக இயலாது. இங்கே பட்டம் பெற்றபின் முதுகலைக்குச் செல்வதே நேரான வழியாகும்.

சம்பளம் இல்லை என்றவுடன் செலவும் இல்லை என்று மயங்கலாகாது. ஜெர்மனிக்கு விசா வேண்டுவோர் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கு என்னும் வங்கிக் கணக்கில் முன்னதாகவே செலுத்திக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. ஒரு யூரோவை நூறு ரூபாயாகக் கொண்டால் இது 11,90,400 ரூபாய் ஆகின்றது. இது மாணாக்கரின் சொந்தப் பணமே. அங்கே சென்றபின் மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கைக்கு வரும். தகுதியான உபகாரச் சம்பளம் பெற்றோர் இதனைச் செலுத்த வேண்டியதில்லை. இதுவன்றி, நம் நாட்டுச் சான்றிதழ்களைப் பரிசோதித்து ஏ.பி.எஸ். என்னும் நிலையம் தரும் சான்றும் 2022 நவம்பர் முதல் விசாவுக்கு வேண்டப்படுகின்றது. படிக்குங்காலத்தில் ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யச் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கும் கூலியை முதலாண்டுக் கணக்கில் வரவாக எழுதுவது விவேகமன்று.

இத்தாலி தேசத்து முறை வேறு. அங்குள்ள அரசாங்கச் சர்வகலாசாலைகள் குடும்ப வருவாய்க்கேற்பச் சம்பளம் விதிக்கின்றன. வறியோர்க்கு அது மிகக் குறைவு. முற்றும் நீங்குவதும் உண்டு. அன்றியும் மாகாணந்தோறும் அமைந்த மாணவர் உதவி நிலையங்கள் வருவாயையும் தேர்ச்சியையும் நோக்கி உதவித்தொகையும், உணவும், விடுதியும் வழங்குகின்றன. இதற்கு வேண்டிய முதற்கருவி வருவாய்ச் சான்று. உப்பளத்தில் நாட்கூலி பெறுவோருக்கு மாதச் சம்பளச் சீட்டு ஏது? தாசில்தார் காரியாலயத்து வருவாய்ச் சான்றும், அதன் முறைப்படியான மொழிபெயர்ப்புமே அவர்களுக்குப் பேருதவியாகும்.

பழைய செய்தியை நம்பிப் புறப்படலாகாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். டென்மார்க்கு 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் ஐரோப்பாவுக்குப் புறம்பான மாணாக்கர்க்குச் சம்பளம் விதித்தன. ஐந்தாண்டுகளுக்கு முன் நார்வேயிற் படித்துத் திரும்பிய அண்ணன் சொன்ன சொல் அன்று மெய். இன்று அது பொருந்தாது. ஆனால் ஆராய்ச்சிப் பட்டம் நாடுவோர் நிலை வேறு. ஜெர்மனி, நெதர்லாந்து, வடஐரோப்பிய தேசங்கள் ஆகியவற்றில் ஆராய்ச்சி மாணாக்கர் பலர் ஊதியம் பெறும் ஊழியராகவே அமர்த்தப்படுகின்றனர். ஆகவே முதுகலையை இந்நாட்டில் நன்கு முடித்து, ஆராய்ச்சிக்கு அயல்நாடு செல்வது வறியோர்க்கு மிகவும் ஏற்ற வழி.

மூன்றாவதாக உபகாரச் சம்பளங்களை நோக்குவோம். 1925இல் நிறுவப்பெற்ற ஜெர்மானியக் கல்விப் பரிமாற்றக் கழகமாகிய டி.ஏ.ஏ.டி., 1959இல் தொடங்கிய காமன்வெல்த்து உபகாரச் சம்பளம், ஜப்பான் அரசாங்கத்தாரின் மெக்ஸ்ட், ஹங்கேரி அரசாங்கத்தார் 2013இல் ஏற்படுத்திய ஸ்டிப்பெண்டியம் ஹங்காரிக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவை பெயர்பெற்றவை. நம் மத்திய அரசாங்கத்தார் பட்டியல் வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் வழங்குகின்றனர். தமிழ்நாட்டு அரசினரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரால் ஓர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித் திட்டம் நடத்துகின்றனர். இவற்றிற் பலவற்றுக்கு ஓராண்டுக்கு முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். இடங்கிடைத்தபின் உதவி தேடுவோர் காலங்கடந்து வருகின்றனர்.

உபகாரச் சம்பளத்தின் நிபந்தனைகளையும் காலவரையறையையும் நன்கு படித்தறிதல் அவசியம். பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உதவியினால் 1913இல் அம்பேத்கர் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். பின் இலண்டனிற் படிக்கையில் உதவியின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்பினார். செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பரோடாவிற் பணியும் ஏற்றார். அங்கே அவருக்குத் தங்க இடமும் மறுக்கப்பட்டது. ஆயினும் மனந்தளராது பம்பாயில் ஆசிரியராயிருந்து பொருள் சேர்த்தார். அச்சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையிற் பொருள் முட்டினாலும் படிப்பு முற்றும் அழிந்துபோவதில்லை என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

நான்காவது கடன். பொதுத்துறை வங்கிகளின் கல்விக்கடன் முறையில் ஏழரை இலட்ச ரூபாய் வரையில் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேற்பட்டால் ஈடு கேட்பர். மேலே சொன்ன ஜெர்மனிக் கணக்குக்கு 11,90,400 ரூபாய் வேண்டும். ஈடில்லாக் கடன்போக எஞ்சுவது 4,40,400 ரூபாயும் முன்செலவும் ஆகும். அம்முதியவரின் வீட்டுப் பத்திரத்தைத் தரகர் கேட்டதன் காரணம் இங்கே விளங்குகின்றது. படிக்குங்காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லையாயினும் வட்டி வளர்ந்துகொண்டேயிருக்கும். இருபது இலட்சம் கடனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியானால், மூன்றாண்டில் தனிவட்டியே ஆறு இலட்சம். உப்பளத்தில் வருவாய் தை முதல் ஆவணி புரட்டாசி வரையிற்றான். ஐப்பசி மழை பிறந்தாற் பாத்திகள் நீரில் மூழ்கும். ஆண்டில் நான்கு திங்கள் கூலியற்ற குடும்பத்தின்மேல் மாதந்தோறும் கட்டவேண்டிய கடனைச் சுமத்துவது எத்துணைக் கொடிது!

தரகரைப்பற்றி ஒரு சொல். தரகரெல்லாம் தீயோர் என்று நாம் கூறவில்லை. ஆனால் மாணாக்கரைச் சேர்த்துக் கொடுப்பதற்குச் சர்வகலாசாலைகள் பல அவர்களுக்குத் தரகு கொடுக்கின்றன. சம்பளமே வாங்காத சர்வகலாசாலை தரகுக்கு எதைக் கொடுக்கும்? ஆதலால் மலிவான இடத்தைக் காட்டுவது அவர்களுக்கு ஆதாயமன்று. சர்வகலாசாலையின் சொந்த அறிக்கையையும் தூதரகத்தின் அறிக்கையையும் மாணாக்கரே படித்தறிதல் நன்று. மூலப் பத்திரத்தையும் மூலச் சான்றிதழையும் தரகர் எவரிடத்தும் விட்டுவைத்தல் ஆகாது.

இவையெல்லாம் ஒருநாளில் ஆகிற காரியமல்ல. உப்பளத்திலே உவர்நீர் முதற்பாத்தியிலிருந்து நேரே உப்பாவதில்லை. கடல்நீர் ஏறத்தாழ மூன்று டிகிரி அடர்த்தியுடையது. பாத்தி பாத்தியாக மாறி வெயிலிற் காய்ந்து இருபத்தைந்து டிகிரியை அணுகும்போதே உப்புப் பூக்கின்றது. அவசரப்பட்டு முன்னே கடைசிப் பாத்தியில் விட்டால் உப்பு இல்லை; அளவு கடந்து விட்டுவைத்தால் கசப்பு ஏறும். அவ்வாறே, புறப்படுவதற்கு இரண்டாண்டு முன்னே மொழிப்பயிற்சியும் நல்ல மதிப்பெண்ணும் தேடவேண்டும். ஓராண்டு முன்னே உபகாரச் சம்பளங்களுக்கும் வருவாய்ச் சான்றுக்கும் முயலவேண்டும். அதன்பின் சர்வகலாசாலை விண்ணப்பம், கடைசியில் வங்கியும் விசாவும். இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கடனில் தொடங்குவோரே துன்புறுகின்றனர்.

நாம் அம்முதியவருக்குக் கடிதம் எழுதினோம். ஜெர்மனியிற் சம்பளமில்லை என்பது பெரும்பாலும் மெய் என்றும், பத்திரத்தைக் கொடுக்கவேண்டாம் என்றும், மகள் இவ்வாண்டே புறப்படாமல் முதுகலையை இங்கு முடித்து ஊதியத்தோடு கூடிய ஆராய்ச்சி இடத்தை நாடலாம் என்றும், முன்னதாகவே செல்ல விரும்பினால் வருவாய்ச் சான்று பெற்று உபகாரச் சம்பளங்களுக்கும் இத்தாலிக்கும் அடுத்த ஆண்டுக்கென விண்ணப்பிக்கலாம் என்றும் தெரிவித்தோம். விண்ணப்பங்களை எழுத நாமே துணை நிற்பதாகவும் சொன்னோம்.

முடிவாக, அயல்நாடுகளில் வாழும் இக்கலாசாலையின் பழைய மாணாக்கருக்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் இருக்கும் ஊரில் ஒரு மாணாக்கருக்கு மாதம் எவ்வளவு செலவாகின்றது, சம்பளம் எவ்வளவு, உதவி எங்கே கிடைக்கும் என்பவற்றை ஆண்டுதோறும் ஒரு பக்க அளவில் எழுதி அனுப்புவீர்களாயின், அதை நூல்நிலையத்தில் வைத்துக் கேட்போர்க்கெல்லாம் காட்டுவோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டுப் பழமொழி. நாம் உண்ணும் உப்பை வாரிக் குவிப்போர் நம்மிடம் கேட்கும் கேள்விக்கு இனியொருமுறை விடையின்றி நிற்கலாகாது.