சாரத்தின் மேல் ஒரு பாடம்

நெடுக்கே நட்ட சவுக்குக் கழிகள், குறுக்கே கட்டிய மூங்கில், அவற்றின் மேல் இரண்டு பலகைகள். இதுதான் சாரம். கடந்த கோடை விடுமுறையில், நம் புதுவைக் கடற்கரையை ஒட்டிய தெருவொன்றில் மூன்று மாடிக் கட்டடத்துக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போனேன். கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. உயரம் என்றால் எனக்குச் சிறு வயது முதல் நடுக்கம் என்பதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை கிடைக்காது.

முதல் இரண்டு நாட்கள் கீழ்த்தட்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் உச்சித் தட்டு. வாளியை எடுக்கத் திரும்பியவன், 1836இல் பிரெஞ்சுக்காரர் விளக்கேற்றி, 1979இல் ஓய்வு பெற்ற பழைய கலங்கரை விளக்கத்தையும் அதற்கப்பால் கடலையும் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். பலகை ஆடுவது போலிருந்தது. கழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இறங்கவும் கால் வரவில்லை. மேஸ்திரி ஏசுவார் என்றே எண்ணினேன். அவரோ பக்கத்தில் வந்து, "தம்பி, கடலைப் பாக்காதே. கை எட்டுற சுவரைப் பாரு. ஒரு கையால அதைத் தொட்டுக்கிட்டே எழுந்திரு" என்றார். எழுந்தேன்.

அந்தச் சொல்லில் எத்தனை விஞ்ஞானம் இருந்தது என்பதைக் கல்லூரி திறந்தபின் நூலகத்தில்தான் அறிந்தேன். நாம் நிமிர்ந்து நிற்க உட்காதும், பாதம் மூட்டு முதலியவற்றின் உணர்வும், கண்ணும் சேர்ந்து உதவுகின்றன. உடல் சற்றே அசைந்தாலும் அருகிலுள்ள பொருள் இடம் பெயர்வதைக் கண் காண்கிறது. மூளை உடனே உடலைத் திருத்துகிறது. பொருள் வெகு தொலைவில் இருந்தால் அப்பெயர்ச்சி புலப்படுவதில்லை. உடல் கூடுதலாக ஆடுகிறது. ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பிராண்டும் அவர் கூட்டாளிகளும் 1980இல் இதை விளக்கினர். பலகை ஆடியதாக நான் நினைத்ததில் பாதி என் ஆட்டமே!

இதைக் கோழைத்தனம் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. 1960இல் கிப்சன், வாக் என்னும் அமெரிக்க உளவியலார், பள்ளம் போல் தோன்றும் கண்ணாடித் தளத்தின் முன் தவழும் குழந்தைகளை விட்டுப் பார்த்தனர். நடுப்பலகையை விட்டு நகர்ந்த 27 குழந்தைகளில் மூவர் மட்டுமே பள்ளத்தின் மேல் சென்றனர். ஆக, அச்சம் நமக்குக் காவல். அளவு மீறும்போதுதான் தொல்லை.

ஜெர்மானியக் கவிஞர் கெதேக்கும் இத்தொல்லை இருந்தது. 1770இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது, அங்குள்ள பேராலயக் கோபுரத்தில் தனியே ஏறி, உச்சியிலுள்ள சிறு மேடையில் நின்று பார்ப்பார். நடுக்கம் மரத்துப்போகும்வரை திரும்பத் திரும்ப ஏறினார். பின்னாளில் மலைப் பயணங்களில் அது தமக்கு உதவியதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தத் துணிவில்லை. மேஸ்திரி என்னை மறுநாள் இரண்டாம் தட்டில் நிறுத்தினார். இரண்டு நாள் கழித்தே மேலே அழைத்தார். ஜோசப் வோல்ப் 1958இல் எழுதிய படிப்படியான சிகிச்சை முறைக்கு இது வெகு அருகில் வருகிறது. மேஸ்திரி வோல்ப்பைப் படித்தவரல்லர்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சாரத்தில் எவருக்கும் பாதுகாப்பு பெல்ட் இல்லை. கட்டடத் தொழிலாளருக்கான 1998ஆம் ஆண்டு விதிகளே அதைப் பற்றிப் பேசின. பயம் தெளிந்தவனும் வழுக்கினால் விழத்தானே செய்வான்?

கடைசி நாள் மேல் விளிம்புக்கு வர்ணம் பூசி முடித்தேன். இடக்கையைச் சுவரில் வைத்தபடியே கலங்கரை விளக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பத்து எண்ணும்வரை பார்த்தேன். பதினொன்றில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.