சின்ன லோடுக்குச் சின்ன ஷார்ட்டா?

நம்பிக்கை: “எங்கள் லோடு 5 கிலோவாட்தான். ஷார்ட் ஆனாலும் முப்பது ஆம்பியருக்கு மேல் எங்கிருந்து வரும்? எந்த எம்சிபி போட்டால் என்ன?”

கொல்கத்தாவின் பவானிபூரில் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகும் நம்மவர்களிடமிருந்தும் இதைக் கேட்கிறேன், வயரிங் செய்பவர்களிடமிருந்தும் கேட்கிறேன். தவறு, ஆபத்தான தவறு.

உண்மை: லோடு என்பது உங்கள் சாதனங்கள் இழுக்கும் கரண்ட். ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லாது. டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் எவ்வளவு விடுமோ அவ்வளவும் பாயும். 433 வோல்ட், 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு கரண்ட் சுமார் 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் (கரண்டுக்கு அதன் உள் எதிர்ப்பு) 4.5 சதவீதம் என்றால், அதன் முனையிலேயே ஷார்ட் ஆகும்போது பாய்வது ஏறத்தாழ 14,800 ஆம்பியர்!

அதைக் குறைப்பது வழியில் உள்ள வயரின் தடைதான். 10 சதுர மி.மீ. தாமிர வயர் 30 மீட்டர் ஓடி மாடிக்கு வந்தால் சுமார் 2,000 ஆம்பியராகிவிடும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெயின் பேனலில் அப்படிக் குறையாது. அங்கே கேபிள் தடித்தது, தூரமும் குறைவு.

மிதமிஞ்சிய கரண்டைத் தானாக அறுக்கும் சுவிட்சான எம்சிபியின் முகத்தைப் பாருங்கள். ‘சி32’ என்பதில் உள்ள 32 அன்றாட ஓட்டத்துக்கான ஆம்பியர். சிறு கட்டத்துக்குள் இருக்கும் 6000 அல்லது 10000 என்பதே, ஷார்ட் ஆகும்போது அது பத்திரமாக அறுக்கக்கூடிய உச்ச ஆம்பியர். அதற்கு மேல் பாய்ந்தால் உள்ளே முனைகள் உருகி ஒட்டலாம், எம்சிபியே வெடிக்கலாம். மாடி ஃப்ளாட்டுக்குப் பெரும்பாலும் 6000 போதும். மெயின் பேனலுக்குக் கணக்குப் போட்டு 16,000 அல்லது 25,000 ஆம்பியரை அறுக்கும் எம்சிசிபி (எம்சிபியின் பெரிய வகை) வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: “16 ஆம்பியர் அடிக்கடி விழுகிறதா, 32 போடு.”
உண்மை: எம்சிபி காப்பது வயரை. 2.5 சதுர மி.மீ. வயருக்கு 32 போட்டால் சுவருக்குள் வயர்தான் வேகும்.

நம்பிக்கை: “எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காது.”
உண்மை: அடிக்கும். ஷாக்கிலிருந்து உயிரைக் காக்க, கரண்ட் கசிந்தால் அறுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும்.

பவானிபூரில் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகின்றன. டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாகி, கேபிள் தடித்தால், அதே லைனில் இருக்கும் பக்கத்துப் பழைய வீட்டிலும் ஷார்ட் கரண்ட் ஏறும். அங்கே இன்னும் பழைய ஃபியூஸ் கட்டைதான்! ஒவ்வொரு மீட்டர் அறையிலும் ‘இங்கே ஷார்ட் ஆனால் இத்தனை ஆயிரம் ஆம்பியர்’ என்று பலகை மாட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஃப்ளாட் வாங்குவோரே, அந்த எண்ணை எழுத்தில் தராத பில்டரிடம் சாவி வாங்காதீர்கள்.