நாரத்தைத் தோட்டத்து மாளிகை

ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் நாரஞ்செஸ்தான் என்றொரு மாளிகை உண்டு. 'நாரஞ்சு' என்பது கிச்சிலி எனப்படும் புளிப்பு ஆரஞ்சு. அம்மரங்கள் நிறைந்த தோட்டமே மாளிகைக்குப் பெயரைத் தந்தது. தாவரவியல் மாணவனாகிய எனக்கு முதலில் சுவைத்ததும் அப்பெயரே. பம்பளிமாசும் கமலா ஆரஞ்சும் கலந்து பிறந்த இனம் அது. 'நாரங்' என்னும் பாரசீகச் சொல்லும், அதன் வழிவந்த 'ஆரஞ்சு' என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் நாரத்தையோடு உறவுடையவை என்பர் மொழியறிஞர் சிலர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியிலிருக்கும் நாரத்தைக்கு இத்தனை தூரத்தில் உறவினரா என்று வியந்தேன்! (அங்கிருந்து இங்கு வந்த சொற்களும் உண்டு, தோல் மண்டியில் நாள்தோறும் புழங்கும் தராசும் ரசீதும் பாரசீகமே.)

காஸ்வின் நகரிலிருந்து வந்த வணிகக் குடும்பம் கவாம் குடும்பம். பின்னர் அரசுப் பதவிகளில் உயர்ந்த அக்குடும்பத்தார் 1879 முதல் 1886 வரை இம்மாளிகையை எழுப்பினர். நடுவே நீரோடை, இருமருங்கும் மரங்கள், எதிரே சிறு சிறு கண்ணாடித் துண்டுகள் பதித்த முன்மண்டபம். ஒரு விளக்கை ஏற்றினால் ஆயிரம் விளக்காகத் தெரியும். விட்டங்களில் ஐரோப்பியப் பாணி ஓவியங்கள். விருந்தினரை வரவேற்பது இங்கே. பெண்டிர் வாழ்ந்தது அடுத்த மனையில். இரண்டையும் இணைப்பது ஒரு சுரங்கவழி.

பஹ்லவி மன்னராட்சிக் காலத்தில் இது பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, ஆசியக் கழகத்தின் இருப்பிடமாயிற்று. ஆர்தர் போப், ரிச்சர்ட் ஃபிரை ஆகிய அறிஞர்கள் அதற்குத் தலைமை தாங்கினர். இன்று அது அருங்காட்சியகம். சீட்டு வாங்கிய எவரும் கண்ணாடி மண்டபம் வரை செல்லலாம்.

இந்தச் 'செல்லலாம்' என்ற சொல்லே என்னை எழுதத் தூண்டியது. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. ஆம்பூரில் பழைய தோல் வணிகர் இல்லம் ஒன்றுக்குப் பல ஆண்டுகள் சென்று வந்தவர், முன்கூடத்தைத் தாண்டியதில்லை. உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இருந்தன என்று பிறர் சொல்லக் கேட்டவர். அவ்வில்லத்தை இடித்துக் கடைகள் கட்டிவிட்டனர். இனி அவரும் பார்க்க இயலாது, நானும் பார்க்க இயலாது.

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அத்தகைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. எல்லாவற்றையும் அருங்காட்சியகமாக்கு என்றால் உரிமையாளர் சிரிப்பார், அது நியாயமே. ஆனால் அளந்து வரைபடம் எழுத ஒரு நாடாவும், படமெடுக்க ஒரு கைப்பேசியும் போதுமே? நம் வரலாற்றுத் துறை நண்பர்கள் முன்வந்தால், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன். தோட்டத்து மரங்களின் பெயர்களையும் குறித்துத் தருவேன்.