இரு சுயாதீன மாதிரிகளின் இடைகளை ஒப்பிடுதல்

சூத்திரத்தைச் சரியாகப் பிரயோகித்தும் முடிவில் தவறு விடுவோர் பலர். வினாவிலுள்ள "எழுமாறாக" என்ற சொல்லைக் கவனியாமையே இதற்குக் காரணம்.

உதாரணம் (கற்பனைத் தரவு): யட்டவத்தவிலுள்ள மிளகுத் தோட்டமொன்றில் எழுமாறாகத் தெரிந்த 10 கொடிகளுக்குப் புதிய பசளை இடப்பட்டது. அவ்வாறே தெரிந்த வேறு 10 கொடிகளுக்கு இடப்படவில்லை. கொடியொன்றின் காய்ந்த மிளகு விளைச்சலின் இடை முறையே 1.9, 1.6 கிலோகிராம். இரு மாதிரிகளினதும் நியம விலகல் 0.3 கிலோகிராம். விளைச்சல்கள் செவ்வன் பரம்பலுடையவை, மாறற்றிறன்கள் சமன் எனக் கொள்க. 5% பொருளுண்மை மட்டத்தில் இடைகள் வேறுபடுகின்றனவா?

படி 1: சூனியக் கருதுகோள் – இரு குடித்தொகை இடைகளும் சமன். மாற்றுக் கருதுகோள் – சமனன்று. எனவே இது இருவாற் சோதனை.
படி 2: பொது மாறற்றிறன் = 0.3 × 0.3 = 0.09
படி 3: நியம வழு = √[0.09 × (1/10 + 1/10)] = 0.134
படி 4: ரி = (1.9 − 1.6) ÷ 0.134 = 2.24
படி 5: சுயாதீனப் பாகை = 10 + 10 − 2 = 18. அட்டவணையில் அவதிப் பெறுமானம் 2.101.
முடிவு: 2.24 > 2.101. சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படும்.

இனிச் சிந்தியுங்கள். தோட்டக்காரர் நல்ல மண்ணில் நின்ற கொடிகளையே பார்த்துப் பசளை இட்டிருந்தால்? அப்போதும் ரி 2.24 தான். ஆனால் வேறுபாடு பசளையாலா மண்ணாலா என்று கூற முடியாது.

இத்தவறு உண்மையிலேயே நடந்துள்ளது. 1930 இல் ஸ்கொட்லாந்தின் லனார்க்‌ஷயரில் சுமார் 20,000 பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நாள்தோறும் பால் வழங்கப்பட்டது, மற்றோருக்கு இல்லை. குழுக்களைச் "சீர்செய்ய" ஆசிரியர்களுக்கு இடமளிக்கப்பட்டது. தொடக்கத்திலேயே பால் பெறாத குழுவினர் உயரத்திலும் நிறையிலும் கூடியவர்களாக இருந்தனர். மெலிந்த பிள்ளைகள்மீது ஆசிரியர்கள் கொண்ட இரக்கமே காரணமாகலாம் என்று 1931 இல் சுட்டிக்காட்டியவர் வில்லியம் கொசெட். 1908 இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் ரி-சோதனைக்கு அடித்தளமிட்டவரும் அவரே. 20,000 என்ற பெரிய எண்ணிக்கையாலும் தெரிவில் நேர்ந்த குறையை நீக்க முடியவில்லை.

நினைவிற் கொள்க: விடை எழுதுமுன் மாதிரிகள் எழுமாறானவையா, ஒன்றையொன்று சாராதவையா எனப் பாருங்கள்.

பயிற்சி: மேலுள்ள உதாரணத்தில் பொருளுண்மை மட்டம் 1% ஆயின் அவதிப் பெறுமானம் 2.878. முடிவு யாது? "இடைகள் சமன் என நிரூபிக்கப்பட்டது" என எழுதலாமா? காரணம் தருக.