வாப்பாவின் கடன் கொப்பியும் இஸட் குறியீடும்

ஹட்டனில் எங்கள் பலசரக்குக் கடையில் ஒரு கடன் கொப்பி உண்டு. சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் சம்பளம் வரும்வரை மாவும் பருப்பும் கடனுக்கு வாங்குவார்கள். சென்ற விடுமுறையில் கொப்பி என் பொறுப்பில் இருந்தது. ஒரு லெட்சுமி வாங்கிய 1,850 ரூபாய்ச் சாமானை இன்னொரு லெட்சுமியின் பக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் சம்பளத்தன்று ஒன்றும் கேட்காமல் கட்டிவிட்டுப் போனார். மற்றவர் கட்ட வந்தபோது அவருடைய பக்கம் வெறுமையாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் இஸட் குறியீட்டைப் படிக்கத் தொடங்கியிருந்தோம். (உயர்தரத்து இஸட் புள்ளிக்கும் இதற்கும் உறவில்லை, தங்கைமார் பயப்பட வேண்டாம்.) பிரான்ஸ் நாட்டவரான ழான்-ரேமொன் அப்ரியால் 1970களில் தொடங்கிவைத்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து, 2002இல் சர்வதேசத் தரமானது இது. ஒரு தரவுத்தளத்தைக் கணினியில் அமைக்குமுன், அதில் எது இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்று கணித மொழியில் எழுதிவைக்கலாம். சாதாரண தரத்தில் படித்த தொடைகள்தான் அடித்தளம்.

ஒப்படைக்கு எங்கள் கொப்பியையே எடுத்துக்கொண்டேன். ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே என்னென்ன உண்டு என்பது. கீழே எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய விதிகள். "கடன் என்பது பெயரிலிருந்து ரூபாய்க்கு ஒரு சார்பு" என்று மேலே எழுதினேன். சார்பென்றால் ஒரு மூலகத்துக்கு ஒரே பெறுமானம்தான். எங்களிடமோ மூன்று லெட்சுமிகள். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். செக்றோல் நம்பரை வைக்கலாமா? இரண்டு தோட்டங்களில் ஒரே நம்பர் இருக்கலாம். தோட்டத்தையும் நம்பரையும் சேர்த்தால்? வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டிமார் என்ன செய்வார்கள்? கடைசியில் கடையே ஆளுக்கொரு எண் கொடுப்பதென்று முடிவானது.

அடுத்து, காசு கட்டுதல். உள்ளே வரும் தொகையின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி இடுவார்கள். மாறிய பின் உள்ள நிலைக்குத் தலையில் சிறு கீறு. "இந்த எண்ணுக்குரிய கடன் இவ்வளவு குறையும்" என்று எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் சிவப்பு மையால், "மற்றவர்களுடைய கடன்?" என்று கேட்டிருந்தார். சொல்லாவிட்டால் அவை எப்படியும் மாறலாமாம்! "வேறெவருடைய கடனும் மாறாது" என்பதையும் எழுதியாக வேண்டியிருந்தது. நான் கொப்பியில் மீறியது இந்த விதியைத்தான்.

கடனை இயற்கை எண்ணாக வைத்திருந்தேன். சந்தேகம் வந்து வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"கூடக் கட்டினா என்ன செய்வீங்க வாப்பா?"

"அடுத்த மாசத்துக்குக் கிடக்கட்டும்பாங்க மகள்."

அப்படியானால் கடன் பூச்சியத்துக்குக் கீழேயும் போகும். நிறைவெண்ணாக மாற்றினேன்.

குறியீடு கையைப் பிடித்து எழுதாது; நாளைக்கும் நான் பிழையான எண்ணைப் போடலாம். அதனால் இப்போது எண்ணையும் தோட்டத்தையும் வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறோம்.

1,850 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தபோது லெட்சுமியக்கா, "நான்தான் வாங்கியிருப்பேன்னு நெனச்சேம்மா" என்றார். புதுக் கொப்பியில் அவருடைய எண் 14.