அமரவிளைச் சாவடியும் உன் கைபேசியும்

பாறசாலை

அன்புள்ள மருமகளுக்கு,

ப்ளஸ் ஒன் வகுப்பில் சேர்ந்தபின் கிடைத்த சிநேகிதிகளில் ஒருத்தி வாட்ஸாப்பில் இருக்கிறாள், இன்னொருத்தி டெலிகிராமே மேல் என்கிறாள், மார்த்தாண்டத்தில் படிக்கும் பழைய தோழியோ அரட்டை என்னும் செயலிக்கு வரச் சொல்கிறாள், இவற்றில் எதை வைத்துக்கொள்வது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது, பஸ் வந்துவிட்ட அவசரத்தில் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடக்கூடிய விஷயமன்று அது. ஆகையால் சாவகாசமாக எழுதுகிறேன்.

நம் ஊரைப்பற்றிச் சிறிது சொன்னால்தான் இதன் அருமை உனக்கு விளங்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நம் பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரையும் சேரவேண்டுமென்று நேசமணி முதலிய தலைவர்கள் வற்புறுத்தியும், அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளையில் பெண் கொடுத்த நம் குடும்பங்கள் அன்றுமுதல் இரண்டு ராஜ்யத்துப் பிரஜைகளாயின. கைபேசி வந்த காலத்தில் அந்தக் கோடு வீட்டுக்குள்ளேயே புகுந்தது. முற்றத்தில் நின்றால் கேரளத்து டவரும் பின்கட்டுக்குப் போனால் தமிழ்நாட்டு டவரும் பிடிக்க, எந்த ஊருக்கும் போகாமலே ரோமிங் கட்டணம் செலுத்தியவர்கள் எல்லையோரத்தில் உண்டு. 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல்.லும், அதன்பின் மற்றவர்களும் அக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, ராஜ்ய எல்லையைக் கண்டுகொள்ளாத இணையத்தின் வழியே பேசலாம் என்று வந்த வாட்ஸாப்பை நம் மக்கள் இரு கை நீட்டி வரவேற்றதில் வியப்பென்ன?

ஆனால், மக்களே, ஊர் எல்லையை அழித்த அதே செயலிகள் தங்களுக்குள் வேறு எல்லைகளைப் போட்டுக்கொண்டன என்பதை நீ கவனிக்கவேண்டும். ஒரு கம்பெனியின் சிம்மிலிருந்து வேறு கம்பெனியின் சிம்முக்குத் தடையின்றிப் பேசுகிறோம். டெலிகிராமில் இருப்பவளாலோ அரட்டையில் இருப்பவளுக்கு ஒரு வரியும் அனுப்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றி, 2024 மார்ச் முதல் வாட்ஸாப் போன்ற பெரிய செயலிகள் கேட்டுவரும் பிற செயலிகளுக்கும் கதவு திறக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் தேசத்தில் அத்தகைய விதி வரும்வரை, பேசவேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் நாமும் இருந்தாகவேண்டும். ஷார்ஜாவிலிருக்கும் உன் அப்பாவையே எடுத்துக்கொள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸாப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். அழைப்புகளுக்கு மட்டும் அனுமதியில்லை. அதனால்தான் அங்குள்ள நம்மவர்கள் பேசுவதற்கு போட்டிம் என்னும் வேறொரு செயலியை நாடுகிறார்கள். பாறசாலையில் உட்கார்ந்து நீ செய்யும் தேர்வில் பாதியை அந்நிய தேசத்துச் சட்டம் ஏற்கெனவே செய்துவிட்டது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அமரவிளையில் முன்பு இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடி உனக்கு நினைவிராது, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அது போய்விட்டது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் லாரிகள் வரிசையாக நிற்க, தார்ப்பாயை அவிழ்த்து உள்ளே என்ன சரக்கு என்று பார்த்த பிறகே அனுப்புவார்கள். நீ அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், பக்கத்து வீட்டுத் தோழிக்கே ஆனாலும், ஒரு கம்பெனியின் கணிப்பொறியாகிய சாவடியைக் கடந்துதான் போகிறது. அங்கே தார்ப்பாயை அவிழ்க்க முடியுமா, முடியாதா என்பதே ஒரு செயலியின் தராதரத்தை அறிவதற்கு முதல் கேள்வி. பெட்டியைப் பூட்டும் சாவி அனுப்புகிறவளிடமும் பெறுகிறவளிடமும் மட்டுமே இருந்தால், சாவடிக்காரன் நினைத்தாலும் திறக்க இயலாது. வாட்ஸாப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் இத்தகைய பூட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பூட்டை வடிவமைத்தவர்கள் சிக்னல் என்னும் செயலியை உண்டாக்கியவர்கள். டெலிகிராமைப் பூட்டுள்ளதென்று பலர் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் பிழையான நம்பிக்கை. அதில் ‘ரகசிய உரையாடல்’ என்று நீயே தனியாகத் தொடங்கினால்தான் இருவருக்கு மட்டுமான பூட்டு. சாதாரணமாக எழுதுவதற்கும், குழுக்களில் எழுதுவதற்கும் அது கிடையாது.

சரக்கைத் திறக்காவிட்டாலும் சாவடியில் ஒரு பதிவேடு உண்டல்லவா? வண்டி எண், புறப்பட்ட இடம், போகும் இடம், கடந்த நேரம் எல்லாம் அதில் ஏறும். நீ யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை தடவை பேசினாய் என்பதும் அப்படியே. வாட்ஸாப்பை 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரத்தால் வாழும் ஸ்தாபனத்துக்கு அந்தப் பதிவேடு எவ்வளவு பிரயோஜனமுள்ளது என்று நீயே யோசித்துக்கொள். 2021-இல் வாட்ஸாப் கொண்டுவந்த புதிய நிபந்தனைகளுக்காக, நம் தேசத்தின் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. சிக்னலோ, லாப நோக்கமற்ற அறக்கட்டளையொன்றின் கையில் இருக்கிறது. 2016-இல் அமெரிக்க நீதித்துறையின் ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் தவிர வேறெதையும் கொடுக்க அதனால் இயலவில்லை. அதன் பதிவேட்டில் அவ்வளவுதான் இருந்தது.

அரட்டையின்மேல் எனக்கு ஒரு பாசமே உண்டு. தமிழ்ப்பெயர் தாங்கி, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் 2021-இல் செய்தது அது. 2025 செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் அதில் திடீரென்று சேர்ந்த சமயத்தில், அழைப்புகளுக்கு மட்டுமே முழுப் பூட்டு இருந்தது; எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. பிறகு அதையும் கொண்டுவர அந்நிறுவனத்தார் முயற்சி எடுத்தார்கள். உன் தோழியோடு அதில் பேசுமுன், அந்த உரையாடலில் பூட்டு இருக்கிறதா என்று நீயே திறந்து பார். நம்மவர் செய்தது என்பதற்காகச் சோதியாமல் ஏற்பது அவர்களுக்கே நாம் செய்யும் உபகாரமாகாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வகுப்புக் குழுவுக்கும் அப்பாவுக்கும் வாட்ஸாப் இருக்கட்டும்; மனம்விட்டுப் பேசும் நாலைந்து சிநேகிதிகளை மட்டும் சிக்னலுக்கு அழைத்துவா. ஊரையெல்லாம் அழைக்க நினைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். நாலு பேரை அழைத்தால் வருவார்கள். 2024 முதல் சிக்னலில் உன் எண்ணைக் காட்டாமல் ஒரு பயனர் பெயரைக் கொடுத்தே பேசலாம் என்பது பெண்பிள்ளைகளுக்கு விசேஷமான சௌகரியம். வாட்ஸாப் குழுவில் சேர்ந்தால் அதிலுள்ள அத்தனை பேருக்கும் உன் எண் தெரிந்துவிடும். ஆகவே உன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை ‘என் தொடர்புகள்’ என்று மாற்றி வை. பேக்கப் என்று கூகிளில் சேரும் பிரதிக்குத் தனியாகப் பூட்டுப் போடாவிட்டால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்ததுபோல ஆகும். ஆறிலக்க எண் குறுஞ்செய்தியாக வந்து, அதைச் சொல்லும்படி யார் கேட்டாலும், உன் தோழியின் பெயரிலேயே கேட்டாலும், சொல்லாதே. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசவேண்டும்.

எந்தப் பூட்டும், உன் தோழி திரையைப் படமெடுத்து இன்னொருத்திக்கு அனுப்புவதைத் தடுக்காது. அந்த இடத்தில் சிநேகத்தின் குணம்தான் காவல்.

இன்னும் ஒன்று என் மனத்தில் வெகுநாளாக இருக்கிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் நம் ஊர்ப் பிள்ளைகள், செயலியில் இரண்டையும் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் 1991-இலேயே யூனிகோடில் ஏறிவிட்டன. எந்தக் கைபேசியிலும் இன்று தமிழ் விசைப்பலகையைக் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். 1956-க்குப் பிறகு நம் வீடுகளில் தமிழ் எழுத்து ஒவ்வொரு தலைமுறையிலும் சிறிது சிறிதாகக் குறைந்துவருவதைக் கண்ணால் கண்டவன் நான். தோழியரோடு நீ பேசும் அற்பமான வேடிக்கைப் பேச்சுக்கூட அந்த எழுத்தில் இருந்தால் எனக்கு மிகுந்த ஆறுதலாயிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைபேசியைச் சார்ஜ் செய்துகொண்டு காலையிலேயே வந்துவிடு. மேலே சொன்ன அமைப்புகளை இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்துமுடிப்போம். தமிழ் விசைப்பலகையும் அன்றே ஏற்றிவிடலாம். முதல் செய்தியை உன் அப்பாவுக்குத் தமிழில் எழுது.

அன்புடன்,
உன் மாமா