ஜாக்கி போடப் பழகும் மருமகனுக்கு

ஹை-லிஃப்ட் ஜாக்கி வாங்கிவிட்டதாகப் போனில் குதித்தாயே, மருமகனே, சந்தோஷம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து நிறுவனம் ஒன்று 1905 முதல் செய்துவரும் சாமான் அது. அதைக் கையில் எடுக்குமுன் இந்தக் கிழவன் சொல்வதையும் கேள்.

1. வண்டியைப் பார்க்குமுன் மண்ணைப் பார். இதன் அடித்தட்டு இரண்டு உள்ளங்கை அகலம்தான். சேற்றில் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். கனத்த பலகை ஒன்றை வண்டியிலேயே போட்டு வை. பலகை தேடச் சோம்பல்பட்டுத் தட்டைக்கல்லை வைத்தவரை எனக்குத் தெரியும். கல் பிளந்து வண்டி சாய்ந்தது. கால் தப்பியது அவர் பெண்டாட்டி செய்த புண்ணியம்.

2. ஏற்றும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். ஆளின் நிதானம் இறக்கும்போது தெரியும். கைப்பிடியைத் தண்டோடு ஒட்டி நிமிர்த்திய பிறகே இறக்கும் கொண்டியைத் தட்டு. அதன்பின் சுமை கைப்பிடியை மேலே தள்ளும். பிடி நழுவினால் அது தானாகவே மேலும் கீழும் அடித்துக்கொண்டு இறங்கும். அப்போது பிடிக்கப் போகாதே, விலகிவிடு. எங்கள் பட்டறை அண்ணன் ஒருவர் வீரமாகப் பிடிக்கப் போய்த் தாடையில் வாங்கினார். பிறகு பல நாள் கஞ்சிதான். முகத்தை எப்போதும் கைப்பிடியின் பாதையிலிருந்து ஒதுக்கியே வை.

3. தூக்குவதுதான் ஜாக்கியின் வேலை, தாங்கி நிற்பது அல்ல. அதை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாதே. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடு.

4. உன் அப்பாவின் புதுக் காருக்கு இது உதவாது. பிளாஸ்டிக் பம்பர் நொறுங்கும். இரும்பு பம்பர் உள்ள ஜீப்புக்குத்தான் இது. அதிலும் பாடியைத் தூக்கினால் ஸ்பிரிங் விரியுமே தவிர, சக்கரம் மண்ணைவிட்டுக் கிளம்ப நேரமாகும். சக்கரத்தையே பிடித்துத் தூக்கும் கொக்கி தனியாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்.

5. வீட்டில் இதற்கு வேலை நிறைய. வேலிக் கல்தூணின் அடியில் சங்கிலி சுற்றி ஜாக்கியின் மூக்கில் மாட்டு. கடப்பாரைக்கு மசியாத கல் அங்குலம் அங்குலமாக மேலே வரும். சிறு மரத்தூரும் அப்படித்தான். வராவிட்டால் கைப்பிடியில் பைப் செருகி ரோஷம் காட்டாதே. சுற்றிலும் தோண்டு, மறுபடி கேள். ஜாக்கிக்குள் ஒரு போல்ட் இருக்கிறது. சுமை எல்லை மீறினால் முதலில் அறுந்துபோகவே வைத்தது. அது அறுந்தால் அதே வகைப் போல்ட்டைத்தான் போடவேண்டும். கெட்டியானதைப் போட்டுப் பெருமைப்படுகிற ஆளோடு காட்டுக்குப் போகாதே.

6. சேறு காய்ந்தால் உள்ளே ஏறும் பின்கள் சிக்கும், அதுவும் வண்டியைப் பாதி தூக்கிய நிலையில். கழுவிக் காயவைத்து லேசாக எண்ணெய் விடு.

7. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பார்கள். கொடு. கூடவே நீயும் போ.